ஐந்தரை மணி நேரம்

முதலாம் வருடத் தங்கச்சி ஒருத்தி எங்கள் கணினி நிலையத்துக் கவுண்டரில் கொப்பி ஒன்றை விரித்து வைத்தாள். பின்மட்டையின் உட்புறத்தில் நாலு தள முகவரி, நாலு பயனர் பெயர், நாலு கடவுச்சொல். நாலாவதை மட்டும் வெட்டி வெட்டித் திருத்தியிருந்தாள்.

"மிஸ், இங்கிலீஷ் ஒப்படையை நேற்றே போட்டுட்டன். சேர் வரேல்ல எண்டு சொல்லுறார்."

வந்துதான் இருந்தது, இன்னொரு பீடத்தின் தளத்துக்கு. விருப்பப் பாடம் ஒன்றுக்காக அங்கேயும் அவளுக்குக் கணக்கு இருந்தது. இரண்டு தளத்திலும் 'ஆங்கிலம் 1' என்ற பெயரில் ஒவ்வொரு பக்கம், நிறம்கூட ஒன்றுதான். இரவு பதினொன்றரைக்குக் கைத்தொலைபேசியில் பார்க்கிறவளுக்கு எது தன் பீடம் என்று எப்படித் தெரியும்?

இலங்கையின் வடக்கு கிழக்கில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி நிலையத்தில் எனக்கு வேலை. பெயர் வேண்டாம். அவள் கொப்பியில் எழுதியிருந்த தளங்கள் சுற்றறிக்கையில் 'கற்றல் முகாமைத்துவ முறைமை' என்று வரும். வளாகத்தில் அப்படி யாரும் சொல்வதில்லை. "எல்.எம்.எஸ்.ல கிடக்கு" என்றால் விரிவுரைக் குறிப்பு அங்கே இருக்கிறது என்று பொருள். ஒப்படையும் அங்கேதான், வினாவிடையும் அங்கேதான், புள்ளியும் அங்கேதான். முன்பு போட்டோ கொப்பிக் கடை வாசலில் நின்ற வரிசை இப்போது இதற்குள் நிற்கிறது.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் எல்.எம்.எஸ். என்றால் பெரும்பாலும் மூடில் என்ற மென்பொருள்தான். அதை எழுதியவர் மார்ட்டின் டுகியாமாஸ். மேற்கு ஆஸ்திரேலியாவில், பக்கத்தில் பள்ளிக்கூடமே இல்லாத ஒதுக்குப்புறத்தில் வளர்ந்தவர். சிறுவயதில் சிற்றலை வானொலி வழியாக 'ஆகாயப் பள்ளி'யில் படித்தார். பிறகு பேர்த் நகரின் கேர்ட்டின் பல்கலைக்கழகத்தில், காசு கொடுத்து வாங்கிய வெப்சிடி என்ற மென்பொருளைப் பராமரித்தார். அது மனதுக்கு ஒட்டவில்லை. தானே ஒன்றை எழுதி 2002 ஆகஸ்டில் முதல் பதிப்பை வெளியிட்டார். இலவசம், மூலநிரலும் எல்லோருக்கும் திறந்தது.

எங்கள் தலையிடியும் அந்த இலவசத்தில்தான் தொடங்கியது. விலை இருந்திருந்தால் கேள்விப்பத்திரம், நிதிக்குழு, மூதவை என்று இழுபட்டு, கடைசியில் முழுப் பல்கலைக்கழகத்துக்கும் ஒன்றுதான் வந்திருக்கும். சும்மா கிடைத்ததால் ஒவ்வொரு பீடத்திலும் ஓர் உற்சாகமான இளம் விரிவுரையாளர் மேசைக்குக் கீழே இருந்த பழைய கணினியில் அதை நிறுவினார். அவர் மேற்படிப்புக்கு வெளிநாடு போனார். கணினி மேசைக்குக் கீழேயே இருந்தது. நான் வேலைக்கு வந்தபோது வளாகத்தில் ஐந்து மூடில்கள். ஒன்றின் நிர்வாகக் கடவுச்சொல் தெரிந்தவர் மெல்பேர்னில் இருந்தார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் செய்யாமல் விட்டிருந்தால் 2020 மார்ச்சில் எங்களிடம் எதுவுமே இருந்திராது.

அந்த மார்ச்சில் வளாகங்கள் மூடப்பட்டபோது, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பல்கலைக்கழகங்களின் எல்.எம்.எஸ். தளங்களுக்கு டேட்டாக் கட்டணத்தை விலக்கின. லேர்ன் என்ற கல்வி வலையமைப்பின் ஊடாக நடந்த சூம் வகுப்புகளுக்கும் அதே சலுகை. வெளிநாட்டு வாடகைச் சேர்வரில் இருந்த எங்கள் ஐந்தாவது தளத்துக்கு அது கிடைக்கவில்லை. ஒரே வளாகத்தில் ஒரு பிள்ளை இலவசமாகப் படிக்க, இன்னொரு பிள்ளை கார்ட் போட்டுப் படித்தது. எல்லாவற்றையும் ஒன்றாக்க வேண்டும் என்று முதன்முதலில் எல்லோரும் ஒத்துக்கொண்டது அப்போதுதான்.

ஒன்றாக்குவது என்றால் ஐந்து வாளித் தண்ணீரை ஒரு தொட்டியில் ஊற்றுவதுபோல என்று அதற்கான குழுவில் ஒருவர் சொன்னார். பாடப் பக்கங்களுக்கு அது பொருந்தும். ஒரு பக்கத்தை அப்படியே பொதி கட்டி ஒரு கோப்பாக இறக்கி, புதிய தளத்தில் அவிழ்க்க மூடிலிலேயே வழி இருக்கிறது. ஆட்களைத்தான் அப்படி ஊற்ற முடியாது.

மாணவரின் பதிவிலக்கம் 2019/ஏ/045 என்று வைத்துக்கொள்வோம். மூடில் அதன் வழமையான அமைப்பில், பயனர் பெயரில் சாய்கோட்டை ஏற்காது. ஆகவே ஒரு பீடம் சாய்கோட்டுக்குப் பதில் புள்ளி வைத்தது. இன்னொன்று சிறுகோடு போட்டது. மூன்றாவது எல்லாவற்றையும் ஒட்டி எழுதியது. ஆங்கில அலகு பதிவிலக்கமே வேண்டாமென்று ஜிமெயில் முகவரியை எடுத்துக்கொண்டது. கணினிக்கு இது நாலு ஆட்கள். பெயரை வைத்துச் சேர்க்கலாம் என்றால், முதலெழுத்து ஒரு பட்டியலில் முன்னால், மற்றதில் பின்னால். பெயரில் வரும் ழகரத்தை ஒருவர் 'எல்' போட்டும் இன்னொருவர் 'ஸெட்-எச்' போட்டும் எழுதியிருந்தார். மூன்று மாதம் எக்ஸெல் தாளுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு பிள்ளையை ஒரு பிள்ளையாக்கினோம். அதன் பிறகுதான் அனுமதிப் பிரிவின் பட்டியலைத் தளத்தோடு இணைத்தோம். இப்போது பதிவு முடிந்த அன்றே கணக்கு வந்துவிடும். ஒரு கடவுச்சொல்லில் நூலகமும் திறக்கும்.

விரிவுரையாளர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. "என்ர பக்கத்தை ஆர் ஆர் பாப்பினம்?" என்று ஒரு சிரேஷ்ட சேர் இரண்டு முறை கேட்டார். நியாயமான கேள்விதான். பீடத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கற்பித்த இடம் அது. யாருக்கு எது தெரியும் என்று அனுமதிகளை ஒவ்வொன்றாக எழுதிக் காட்டிய பிறகே பொதி கட்ட விட்டார்.

அதே சேரின் பீடத்தில்தான் கடிகாரம் பிழைத்திருந்தது. அங்கே பழைய கணினியில் மூடிலை நிறுவியவர் நேர வலயத்தை மாற்ற மறந்துவிட்டார். அது கிரீனிச் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது, எங்களுக்கு ஐந்தரை மணி பின்னால். ஒப்படைக்குக் கடைசி நேரம் இரவு 11.59 என்று போட்டால், உண்மையில் மூடுவது மறுநாள் காலை 5.29க்கு. ஆசிரியர் யாரும் கவனிக்கவில்லை. மாணவர்கள் முதல் வாரமே கண்டுபிடித்திருந்தார்கள். 'மீதமுள்ள நேரம்' என்ற பெட்டி உண்மையைச் சொல்லிவிடுமே. அந்தத் தகவல் ஒவ்வொரு வருடமும் மாணவர்களே நடத்தும் குப்பி வகுப்பில், சீனியரிடமிருந்து ஜூனியருக்கு, பழைய வினாத்தாள்களோடு சேர்ந்து கைமாறி வந்திருக்கிறது. எங்கள் எந்த ஆவணத்திலும் அது இல்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தபோதும், அந்தப் பீடத்திலிருந்து மட்டும் தவணை கேட்டு ஒரு கடிதமும் வரவில்லை. ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

புதிய தளம் கொழும்பு நேரத்தில் ஓடியது. முதல் ஒப்படை இரவு நள்ளிரவு தாண்டி என் தொலைபேசி விடாமல் அடித்தது. "மிஸ், பூட்டிட்டுது!" எல்லோருடைய குரலிலும் ஏதோ களவு போன அதிர்ச்சி.

காலையில் சேரே நேரில் வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப இவ்வளவு காலமும் விடியப்புறம்தான் எழுதியிருக்கினம். வாசிக்கேக்க நல்லாத்தானே இருந்தது பிள்ளை."

எந்த நேரத்தை வேண்டுமானாலும் கடைசி நேரமாக வைக்கலாம், சேரே மாற்றலாம் என்று திரையில் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மவுஸை மெதுவாக நகர்த்தி, 5.29 என்று போட்டார்.

இப்போதும் 5.20க்கும் 5.29க்கும் இடையில்தான் அந்தப் பாடத்துக்கு அதிக ஒப்படைகள் வருகின்றன.