கேஸ்கெட்டைத் திட்டாதீர்கள்!

ஆயில் ஒழுகாத புல்லட் என்றால் உள்ளே ஆயிலே இல்லை என்று அர்த்தம். பழைய வண்டிக்காரர்கள் தங்களைத் தாங்களே செய்துகொள்ளும் கேலி இது. 1955இல் சென்னைக்கு வந்து திருவொற்றியூரில் வேரூன்றிய அந்த ராயல் என்ஃபீல்டு வண்டி, நின்ற இடத்தில் கறை வைக்காமல் போனால்தான் ஆச்சரியம்.

கறையைக் கண்டதும் பலரும் செய்வது ஒன்றுதான்: கேஸ்கெட்டை மாற்றி, பசையை அப்பி, நட்டை இறுக்குவது. மூன்று மாதத்தில் மறுபடி ஒழுகும். பழைய இன்ஜின்களில் பாதித் தகராறு எண்ணெயால் வருவதில்லை, காற்றால் வருகிறது.

பழைய 350 புல்லட்டின் ஒற்றை பிஸ்டன் 90 மில்லிமீட்டர் கீழே இறங்கும்போது 346 கன சென்டிமீட்டர் காற்றைக் கிராங்க் கேஸுக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50 தடவை. அந்தக் காற்று வெளியேறத்தான் பிரீதர் இருக்கிறது. அதன் முனையில் 'டக் பில்' என்ற சின்ன ரப்பர் வால்வு. பிஸ்டன் இறங்கும்போது திறந்து காற்றை விடும். ஏறும்போது மூடிக்கொண்டு வெளிக்காற்றைத் தடுக்கும். அதனால் உள்ளே அழுத்தம் ஏறாமல் இருக்கும். வருடக்கணக்கில் சூடுபட்ட ரப்பர் விறைத்து ஒட்டிக்கொண்டாலோ, குழாயில் கசடு அடைத்தாலோ கதை மாறும். வெயிட் அடைத்துக்கொண்ட குக்கர் ரப்பர் வளையத்தின் ஓரமாகச் சீறுவதைப் போல, இன்ஜினும் இளைத்த மூட்டைத் தேடி எண்ணெயைத் துப்பும். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் எரிந்த வாயுவும் கீழே இறங்கி அழுத்தத்தைக் கூட்டும். இந்த நிலையில் எத்தனை கேஸ்கெட் மாற்றி என்ன பயன்?

உலோகங்களும் ஒத்துப்போவதில்லை. சிலிண்டர் வார்ப்பிரும்பு, அதைத் தாங்கும் கிராங்க் கேஸ் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 80 டிகிரி சூடேறினால் 10 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டுக்கும் சுமார் 0.1 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒவ்வொரு பயணத்திலும் நடுவில் இருக்கும் காகித கேஸ்கெட் இந்த உரசலைத் தாங்கியாக வேண்டும்.

இன்னொரு வில்லங்கம், வண்டி சும்மா நிற்கும்போது நடப்பது. பழைய புல்லட்டின் எண்ணெய்த் தொட்டி கிராங்க் கேஸோடு சேர்த்தே வார்க்கப்பட்டது. பம்பு தேய்ந்திருந்தால், நாள்கணக்கில் நிற்கும் வண்டியில் எண்ணெய் மெல்ல ஃப்ளைவீல் அறைக்குள் இறங்கிவிடும். எண்ணெய் அளக்கும் குச்சியில் அளவு குறைவாகத் தெரியும். உரிமையாளர் பதறிப்போய் அரை லிட்டர் ஊற்றுவார். கிளப்பியதும் பிரீதர் வழியாக அத்தனையும் வாந்தி. சில நிமிடம் ஓடவிட்டு, அதன்பிறகு அளவு பாருங்கள்.

சரி, ஒழுகும் இடத்தை எப்படிப் பிடிப்பது? கறை இருக்கும் இடம் கசியும் இடமல்ல. எண்ணெய் கீழே இறங்கும், ஓட்டத்தில் காற்று அதைப் பின்னுக்கு இழுக்கும். முதலில் மண்ணெண்ணெய் விட்டு இன்ஜினைத் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு சந்தேகமான மூட்டுகளில் முகப்பவுடரைத் தூவி, சிறிது தூரம் ஓட்டிவிட்டு வாருங்கள். மேலேயும் முன்னேயும் முதலில் நனைந்த பவுடர்தான் சாட்சி. எந்த எண்ணெய் என்றும் பாருங்கள். இன்ஜின், கிளட்ச் இருக்கும் இடப்பக்கச் செயின் கேஸ், கியர் பாக்ஸ் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எண்ணெய்.

அந்தச் செயின் கேஸ் மூடியை நடுவில் ஒற்றை நட்டுதான் பிடித்திருக்கிறது. ஒழுகுகிறதே என்று அதைப் பலம்கொண்ட மட்டும் இறுக்கினால் மூடி வளையும், கசிவு கூடும். ரப்பர் சீலை மாற்றி அளவாக இறுக்குவதே வழி. மற்ற மூடிகளின் முகம் கோணியிருந்தால், கண்ணாடிப் பலகைமேல் நைஸ் உப்புத்தாள் விரித்துத் தேய்த்து மட்டமாக்கலாம். சிலிக்கான் பசையை மட்டும் அள்ளி அப்பாதீர்கள். உள்ளே பிதுங்கும் துணுக்கு பிய்ந்துபோய் எண்ணெய் வழியை அடைத்தால் இன்ஜினுக்கே ஆபத்து.

ஆகவே, இன்ஜினைப் பிரிக்கும் முன் பிரீதர் குழாயைச் சுத்தம் செய்து, அந்தச் சின்ன ரப்பரை மாற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் இரவில் ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால் அடியில் ஓர் அட்டையைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். பின்சக்கர டயரில் எண்ணெய் பட்டிருந்தால் மட்டும், சரிசெய்யும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.