உங்களுக்குத் தெரியுமா? ஞானதிருஷ்டியை நாடிய அமெரிக்க உளவுத்துறை

கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தொலைவிலுள்ள இடத்தையோ பொருளையோ மனத்தால் மட்டுமே கண்டு சொல்ல முடியும் என்னும் நம்பிக்கையில் எழுந்த 'ரிமோட் வியூயிங்' என்ற தொலைப்பார்வைப் பயிற்சிக்கு, பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க அரசு ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் சுமார் 2 கோடி டாலர் செலவிட்டது. 1972இல் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் இயற்பியலாளர்கள் ஹெரால்டு புட்ஹாஃப், ரஸ்ஸல் டார்க் ஆகியோர் தொடங்கிய ஆய்வு, 1970களின் பிற்பகுதியில் மேரிலாந்தின் ஃபோர்ட் மீடு முகாமில் ஓர் இராணுவப் பிரிவாகவே உருப்பெற்று, இறுதியில் 'ஸ்டார்கேட்' என்னும் மறைபெயரைப் பெற்றது. அங்கே முதல் எண் வழங்கப்பட்ட தொலைப்பார்வையாளரான ஜோசப் மக்மோனிகில், மூடிய அறையில் அமர்ந்து, உறையிலிட்ட இலக்கைப் பற்றித் தம் மனத்தில் தோன்றிய வடிவங்களை வரைந்தும் சொல்லியும் பதிவுசெய்தார். 1984இல் ஓய்வுபெற்றபோது 'லீஜியன் ஆஃப் மெரிட்' விருதும் பெற்றார்.

ஆயினும், ஸ்டான்ஃபோர்டு சோதனைகளின் உரைப்பதிவுகளை ஆராய்ந்த உளவியலாளர்கள் டேவிட் மார்க்ஸ், ரிச்சர்டு காமன் ஆகியோர், முந்தைய நாள் இலக்கைச் சுட்டும் பேச்சுகள் அவற்றில் நீக்கப்படாமல் இருந்ததையும், அக்குறிப்புகளைக் கொண்டே எந்த வருணனை எந்த இடத்துக்குரியது என நடுவர்கள் ஊகித்துவிட முடியும் என்பதையும் 1978இல் 'நேச்சர்' இதழில் வெளிப்படுத்தினர். தொலைப்பார்வை ஆய்வின் மீதான வலுவான விமர்சனங்களுள் இதுவும் ஒன்று. 1995இல் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ கோரிய மதிப்பாய்வில் புள்ளியியலாளர் ஜெசிக்கா அட்ஸ் தொலைப்பார்வைக்குச் சான்று உண்டென்றும் உளவியலாளர் ரே ஹைமன் இல்லையென்றும் முரண்பட்டனர். எனினும் உளவு நடவடிக்கை எதற்கும் தொலைப்பார்வையாளர்கள் தந்த தகவல்கள் வழிகாட்டவில்லை என அறிக்கை முடிவுசெய்ததால், அவ்வாண்டே திட்டம் கைவிடப்பட்டது.