ஏட்டுச் சுரைக்காயும் பணிக்கொடையும்

அண்மையில் ஒருநாள், ஆர்.எஸ்.புரத்தில் மாலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்து சென்ற பின்னர், முதியவர் ஒருவர் பங்குமனை வாயிலில் நமக்காகக் காத்து நின்றார். முப்பதாண்டுகள் நூற்பாலை ஒன்றில் உழைத்து ஓய்வு பெற்றவர். அவர் கையில் அந்த ஆலையின் ஆண்டறிக்கைப் படி ஒன்று இருந்தது. கல்லூரியில் வணிகவியல் பயிலும் பேரன், 'பணிக்கொடைக்கான ஒதுக்கீடு' என்ற வரியைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டுக் கொடுத்திருந்தான்.

"சாமி, கிராஜுவிட்டிப் பணம் இருக்குதுன்னு புத்தகத்துல போட்டிருக்கறாங்க. நேர்ல போய்க் கேட்டா இல்லீங்கறாங்க. எதுங்க சாமி நெசம்?" என்று வினவினார்.

"இரண்டுமே மெய்தான், பெரியவரே" என்று நாம் கூறியதும் அவர் முகம் சுருங்கிற்று. அவருக்கு அன்று விளக்கியதையே, மாத ஊதியத்தை நம்பி வாழும் எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்படும் எனக் கருதி, இங்குச் சற்று விரித்து எழுதுகிறோம்.

ஆலைத் தொழிலாளிக்கு முதுமையில் கிடைக்கும் பணம் ஒரே ஊற்றிலிருந்து வருவதன்று. வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.எஃப்., 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. தொழிலாளியும் முதலாளியும் மாதந்தோறும் பங்கு செலுத்துகின்றனர். பணம் ஆலையை விட்டு வெளியே சென்றுவிடுகிறது. முதலாளியின் பங்கிலிருந்து 8.33 விழுக்காடு 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்திற்குப் போகிறது. இவ்வகையில் கணக்கெழுதுவது எளிது. அந்த மாதத்திற்குரிய பங்கைக் கட்டிவிட்டால் முதலாளியின் கடன் தீர்ந்தது. கட்டாவிட்டால் அது நிலுவை என்று வெளிப்படையாகத் தெரியும்.

பணிக்கொடை அப்படிப்பட்டதன்று. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்து, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அடங்கிவிட்ட முறைப்படி, பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம் வழங்கப்பட வேண்டும். மாத ஊதியத்தை 26 நாட்களால் வகுத்து ஒரு நாள் ஊதியத்தைக் காண்பர். இங்கே கூர்ந்து நோக்க வேண்டிய சொல் 'ஊதியம்' என்பதே. எந்த ஊதியம்? இறுதியாகப் பெற்ற ஊதியம்.

ஒரு தொழிலாளி பத்தாண்டு முடிவில் மாதம் 6,500 ரூபாய் பெறுகிறார் என்று கொள்வோம். ஆண்டுக்கு 3,750 ரூபாய் வீதம் அவருக்குரிய பணிக்கொடை 37,500 ரூபாய். இன்னும் பத்தாண்டு சென்றபின் ஊதியம் 13,000 ஆகிறது. அப்போது ஆண்டுக்கு 7,500 வீதம் இருபது ஆண்டுக்கு 1,50,000 ரூபாய். முதற் பத்தாண்டில் ஏறிய கடனைப்போல் மூன்று மடங்கு அடுத்த பத்தாண்டில் ஏறியிருக்கிறது! ஊதியம் உயரும்போது இனி உழைக்கப்போகும் நாட்கள் மட்டுமன்றி, உழைத்து முடித்த நாட்களும் புதிய விலை பெறுகின்றன. இதைக் கணக்கில் கொள்ளாத ஆலை, தான் பட்டுள்ள கடனைத் தானே அறியாதிருக்கும்.

முற்காலத்தில் பல நிறுவனங்கள் அவ்வாறே இருந்தன. தொழிலாளி ஓய்வு பெறும் நாளில் பணம் கொடுத்து, அன்றைக்குச் செலவென்று எழுதி முடித்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் காட்டிய இலாபத்தில் ஒரு பகுதி உண்மையில் தொழிலாளியின் பணம். அதுவும் பங்காதாயமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது. தக்க முறையில் மதிப்பிட இயலுமாயின், வருங்காலத்தில் தரவேண்டிய பணிக்கொடையையும் இலாபத்தைக் கணிக்கும்போதே கழித்துக்கொள்ளலாம் என்று மெட்டல் பாக்ஸ் நிறுவன வழக்கில் 1968-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் 1995-இல் ஓய்வுக்காலப் பயன்களுக்கெனப் பதினைந்தாம் கணக்கியல் தரத்தை வெளியிட்டு, 2005-இல் அதனைத் திருத்தி விரிவாக்கிற்று. உழைப்பு நிகழும் ஆண்டிலேயே செலவையும் எழுதவேண்டும் என்பதே அதன் உட்கிடை.

எவ்வளவு எழுதுவது? அதற்கெனக் காப்பீட்டுக் கணிப்பாளர் இருக்கிறார். ஊதியம் எவ்வளவு உயரும், எத்தனை பேர் இடையில் விலகுவர், எத்தனை பேர் இறப்பர் என்றெல்லாம் ஊகித்து, வட்டியைக் கழித்து, இன்றைய மதிப்பைச் சொல்கிறார். பத்தாண்டு கழித்துத் தரவேண்டிய 1,50,000 ரூபாய், ஏழு விழுக்காடு வட்டியில் இன்று ஏறத்தாழ 76,000 ரூபாய். ஆறு விழுக்காடானால் 84,000 ரூபாய். வட்டி குறைந்தால் கடன் பெருத்துவிடும். ஆகவே ஆண்டறிக்கையில் அந்த ஒற்றைத் தொகையைக் காட்டிலும், பின்பக்கத்துக் குறிப்புகளில் உள்ள இந்த ஊகங்களைப் படிப்பதே பயன் தரும். (பேரனிடம் இதைத் தேடச் சொன்னோம், சிறிது நேரத்தில் கண்டுபிடித்துவிட்டானாம்.)

இனி முதியவரின் கேள்விக்கு வருவோம். ஒதுக்கீடு என்பது ஐந்தொகையில் எழுதப்படும் ஒரு கடன். பெட்டியில் வைத்த பணமன்று. 'இவ்வளவு தரவேண்டும்' என்று ஆலை ஒப்புக்கொள்கிறது, அவ்வளவே. அந்தத் தொகை பஞ்சாகவும் இயந்திரமாகவும் மின்கட்டணமாகவும் மாறிப்போயிருக்கலாம். பணம் உண்மையிலேயே தனியே இருக்கவேண்டுமாயின், பொறுப்பாளர்களைக் கொண்ட பணிக்கொடை நிதி ஒன்றை நிறுவியோ, ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் குழுப் பணிக்கொடைத் திட்டத்தில் சேர்ந்தோ ஆண்டுதோறும் செலுத்தவேண்டும். 1975-இல் வருமான வரிச் சட்டத்தில் செய்த திருத்தமும் இதையே வற்புறுத்திற்று. ஏட்டில் எழுதிய ஒதுக்கீட்டுக்கு மட்டும் வரிச்சலுகை இல்லை, அங்கீகரிக்கப்பட்ட நிதியில் செலுத்தியதற்கே உண்டு என்றாயிற்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்ததுபோல் வரித்துறையும் அறிந்திருந்தது.

ஆலைகள் ஓடும்வரை இந்த வேறுபாடு யார் கண்ணிலும் படுவதில்லை. 1888-இல் ஸ்டேன்ஸ் மில் தோன்றிய நாள் முதலாகச் சங்கொலி கேட்டு எழுந்த ஊர் நம்முடையது. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் வசமிருந்த கோவை ஆலைகள் 2020 மார்ச்சில் பொது முடக்கத்தின்போது நின்றதைக் கண்டவர்கள், எந்த ஆலையும் என்றும் ஓடும் என்று எண்ணமாட்டார்கள். 2016-ஆம் ஆண்டு நொடிப்புநிலைச் சட்டம், வைப்பு நிதி, ஓய்வூதிய நிதி, பணிக்கொடை நிதி ஆகியவற்றிலிருந்து தொழிலாளருக்கு வரவேண்டிய தொகையைக் கடன்காரர்கள் பங்கிடும் சொத்தில் சேர்க்கலாகாது என்கிறது. நல்ல பாதுகாப்பே. ஆயினும் நிதியே ஏற்படுத்தப்படாத இடத்தில் எதைப் பிரித்து வைப்பது என்ற வழக்கு எழுந்துவிடுகிறது.

இவ்வளவும் எழுதியபின் ஒன்றை மறைப்பது முறையாகாது. முதியவர் சென்ற அன்றிரவு நம் பங்கின் கணக்கேட்டையே எடுத்துப் புரட்டினோம். மெழுகுதிரிக்கும் மின்கட்டணத்திற்கும் திருவிழாப் பந்தலுக்கும் வரிகள் இருந்தன. இருபத்திரண்டு ஆண்டுகளாக மணியடிக்கும் கோவில்பிள்ளைக்கும் இரவுக் காவலாளிக்கும் அப்படியொரு வரி இல்லை. முதுமைக்கால ஓய்வூதியம் உழைப்பவரின் உரிமை என்று திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981-இல் சுற்றுமடலில் எழுதியதைப் பிரசங்கத்தில் பலமுறை எடுத்துரைத்தவர்கள்தாம் நாம்! பணிக்கொடைச் சட்டம் 1997-இல் கல்விக்கூடங்களுக்கும் விரிந்தது. ஆசிரியர்களையும் சேர்த்த 2009-ஆம் ஆண்டுத் திருத்தத்தை 2022-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சிறியதொரு பங்கைச் சட்டம் கட்டாயப்படுத்துமா என்பது வேறு வினா. நிதிக்குழுவில் இதை வைத்தபோது, "அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது, சாமி?" என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். கடந்த இருபத்திரண்டு ஆண்டுக் கடனை ஐந்து ஆண்டுகளில் பிரித்துச் செலுத்துவது, இவ்வாண்டுக்குரியதை இவ்வாண்டே தனிக் கணக்கில் போடுவது என்று முடிவாயிற்று. இவ்வாண்டுத் திருவிழாப் பந்தல் சற்றுச் சிறியதாக இருக்கும்.

முதியவருக்காகக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு மனு ஒன்று எழுதிக் கொடுத்தோம். பணியிற் சேர்ந்த நாள், விலகிய நாள், இறுதி ஊதியம் ஆகியவற்றுக்குச் சான்று வேண்டுமே என்று நாம் தயங்கினோம். அவரோ மறுநாள் பிஸ்கட் தகர டப்பா ஒன்றைக் கொணர்ந்து மேசைமேல் கவிழ்த்தார். முப்பது ஆண்டுச் சம்பளச் சீட்டுகள், ஆண்டுவாரியாக நூல் கட்டி, ஒன்றுவிடாமல் இருந்தன. விசாரணைக்கு அழைப்பு வந்திருக்கிறது. பேரனையும் உடன் அழைத்துச் செல்கிறாராம்.