இகரம் கற்பிக்கும் கலை

குழந்தைக்கு ஓர் உயிரெழுத்தைக் கற்பிப்பதென்பது, பலர் எண்ணுவதுபோல, ஒரு வடிவத்தைக் காட்டி அதன் பெயரைப் பன்முறை சொல்லவைக்கும் சாமானியமான காரியமன்று. காது கேட்கும் ஒலியையும், வாய் செய்யும் முயற்சியையும், கண் காணும் வரிவடிவத்தையும் பிரிக்கவொண்ணாதபடி பிணைத்துவைக்கும் நுட்பமான கலை அது. 'இனா, ஈயன்னா' என்று வரிசை பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளை, நடுவில் ஓரெழுத்தைத் தனியே சுட்டிக் கேட்டதும் திருதிருவென விழிப்பதை அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த எவரும் அறிவர்.

இகரத்தையே எடுத்துக்கொள்வோம். வாய் சற்றே திறக்க, நாவின் விளிம்பு மேற்பல்லைப் பொருந்துவதால் இது பிறக்கிறது என்று தொல்காப்பியர் வகுத்தார். இதே முயற்சியால் பிறப்பனவாக ஈ, எ, ஏ, ஐ என்பவற்றையும் உடன் சேர்த்தார். கண் இமைக்கும் பொழுதளவே ஒலிக்கும் இகரத்துக்கும் எகரத்துக்கும் இடையே உள்ள பேதம், நா சிறிது மேலெழுவதும் சிறிது தாழ்வதுமே ஆகும்.

இந்தச் சிறு பேதம் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் ஒரு பெரிய சங்கடத்தை உண்டாக்கிவிடுகிறது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போன பின், தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில், ஆயாவின் பராமரிப்பில் இருக்கும் குழந்தைக்கு, 'இ' என்றதும் நம் பாலபாடங்கள் காட்டுவது இலையின் படம். ஜன்னலுக்கு வெளியே மலைச்சரிவு முழுவதும் இலையாகவே இருக்க, இதைவிடப் பொருத்தமான உதாரணம் வேறு உண்டோ என்று தோன்றும். ஆனால் அந்தக் குழந்தை பிறந்தது முதல் வீட்டில் கேட்ட சொல் 'எல' என்பதேயாதலால், படத்தைப் பார்த்ததும் அதுவும் 'எல' என்றே சொல்லும். அதன் காது கேட்ட முதல் ஒலி எகரம், ஆசிரியை சுட்டும் எழுத்தோ இகரம்.

இது குழந்தையின் பிழையன்று, தமிழகமெங்கும் பேச்சுவழக்கில் நிலவும் ஒரு நியமம். அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வருமாயின், அதற்கு இணங்க நா முன்கூட்டியே தாழ்ந்துவிடுகிறபடியால், இடம் 'எட'மாகவும், இறங்கு 'எறங்கு' ஆகவும் மாறுகின்றன. அவ்வாறே உகரமும் ஒகரமாகி, பாலபாடத்தின் உரல் 'ஒர'லாகிவிடுகிறது. ஆகவே விவேகமுள்ள ஆசிரியை படத்தின் அழகைப் பாராமல், சொல்லின் ஒலியைப் பார்த்தே உதாரணம் தேடுவாள். இஞ்சி, இட்லி, இடுப்பு, இடி ஆகிய இவை வீட்டிலும் பள்ளியிலும் இகரம் மாறாதவை. குளிருக்கு இதமாக இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் மணக்கும் ஊரில் அந்தச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. தமிழல்லாத மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் அதிக ஜாக்கிரதை வேண்டும். 1935 முதல் 1938 வரை இம்மலைகளில் ஆராய்ச்சி செய்த மொழியியலறிஞர் எமனோ, இங்கு வழங்கும் படுகமொழி உயிர்களில் நாவை மடித்து ஒலிக்கும் விசேஷ வகைகள் இருப்பதைக் கண்டு 1939-இல் தனிக் கட்டுரையே எழுதினார்.

ஒலி நிலைத்தபின் கைக்கு வேலை. அகர ஆகாரங்களுக்கும் உகர ஊகாரங்களுக்கும் வடிவத்தில் உறவு தெரிகிறது. சுழியும் வளைவுமான இகரத்துக்கும் இரு புள்ளிகளைத் தாங்கிய ஈகாரத்துக்குமோ அத்தகைய சாயல் இல்லை. எனவே இவ்விரண்டையும் ஒரே நாளில் புகட்டாமல், தட்டில் மணலைப் பரப்பி, 'இ' என்று வாய் சொல்லச் சொல்ல விரல் எழுதும்படி செய்வதே உத்தமம். தவறினால் உள்ளங்கையால் தடவி அழித்துவிட்டு, மறுபடியும் தொடங்கலாம். அழித்ததன் அடையாளம்கூட மிஞ்சாததால் குழந்தைக்குக் கூச்சமும் இல்லை.

இந்த மணற்பயிற்சி நம் திண்ணைப்பள்ளிகளின் பழஞ்சொத்து. 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு வியந்து, அதைத் தம் விடுதியிலும் புகுத்த முயன்றார். உதவி ஆசிரியர் இணங்காமற்போகவே, ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பிள்ளைக்குப் பிள்ளையே ஆசானாகும் அம்முறையை 1797-இல் அவர் லண்டனில் நூலாக வெளியிட, அது 'மதராஸ் முறை' என்ற பெயரால் இங்கிலாந்தெங்கும் பரவியது. அந்த விடுதியோ பிற்காலத்தில், உதகைக்கு அருகே லவ்டேலில் உள்ள லாரன்ஸ் பள்ளியோடு இணைந்தது.

இலையை அடியோடு ஒதுக்கிவிட வேண்டும் என்பதன்று என் கருத்து. முதலில் நிற்பதற்குப் பதிலாக அது கடைசியில் வரட்டும் என்பதே. இஞ்சியிலும் இடுப்பிலும் இகரம் ஐயமற ஊன்றிவிட்ட பிள்ளை, பின்னொருநாள் 'இலை' என்ற எழுத்துகளைத் தானே கூட்டிப் படித்து, 'நாங்கள் எல என்றல்லவா சொல்வோம்?' என்று கேட்குமானால், அந்தக் கேள்வியே அது எழுத்தையும் ஒலியையும் பகுத்தறிந்துவிட்டதற்குப் பரீட்சையும் தேர்ச்சியும் ஆகும்.