நூற்பட்டியல் யாருக்குச் சொந்தம்?

நூல்நிலையம் ஒன்றின் செல்வம் முழுவதும் அதன் அலமாரிகளில் இருப்பதாகவே நாம் சாதாரணமாக எண்ணிக்கொள்கிறோம். ஆனால் எந்தப் புத்தகம் எந்த அடுக்கில் இருக்கிறது, அதை இப்போது யார் இரவல் வாங்கிப் போயிருக்கிறார், எந்தத் தேதிக்குள் அவர் திருப்பித் தரவேண்டும் என்பவற்றைச் சொல்லும் பட்டியல் ஒரு நாள் மறைந்துபோகுமானால், மறுநாள் முதல் அந்தக் கட்டடம் வெறும் புத்தகக் கிடங்காகிவிடும். முன்பு இப்பட்டியல் இழுப்பறைகளில் வரிசையாக நின்ற அட்டைகளில் எழுதப்பட்டிருந்தது. அட்டையும் இழுப்பறையும் நூல்நிலையத்தின் சொத்தாகவே இருந்தமையால், உரிமையைப் பற்றிய கேள்வி எழவே நியாயமில்லை. கணிப்பொறி வந்தபின் அந்நிலை மாறிற்று. பட்டியல் இப்போது ஒரு மென்பொருளுக்குள் வாசம் செய்கிறது; அம்மென்பொருளோ, ஆண்டுதோறும் கட்டணம் பெற்றுக்கொண்டு அதை உபயோகிக்க அனுமதிக்கும் வியாபார ஸ்தாபனம் ஒன்றுக்கே பெரும்பாலும் சொந்தமாயிருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் சங்கடம் 1999-ஆம் வருஷத்தில், நியூஸிலாந்தின் வடதீவிலுள்ள லெவின் என்ற சிற்றூரின் நூல்நிலையத்தாருக்கு நன்றாகப் புலப்பட்டது. ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளை என்ற பெயரில் லெவினிலும் அண்டையூர்களிலும் நூல்நிலையங்களை நடத்திவந்த அவர்களுடைய பழைய மென்பொருள், 2000-ஆம் ஆண்டு பிறந்துவிட்டால் தேதிகளைச் சரிவரக் கணக்கிடாது என்று தெரியவந்தது. சந்தையில் கிடைத்தவற்றை வாங்கலாமென்றாலோ, அவற்றின் விலையோடு, கிளைகளை ஓயாமல் இணைத்து வைப்பதற்கான தொடர்புச் செலவும் சேர்ந்து அவர்களுடைய சக்திக்கு மிஞ்சியதாக இருந்தது. ஆகவே அவர்கள் வெல்லிங்டன் நகரத்து வலைத்தள நிறுவனமாகிய கட்டிபோ கம்யூனிகேஷன்ஸைக் கொண்டு, சாதாரணத் தொலைபேசிக் கம்பியே போதுமென்னும்படியான புதிய மென்பொருள் ஒன்றைச் செய்வித்துக்கொண்டார்கள். கோஹா என்று பெயரிடப்பெற்ற அது, 2000 ஜனவரியில் வேலை செய்யத் தொடங்கிற்று.

தங்கள் காரியம் முடிந்தது என்று அவர்கள் அமைந்துவிடவில்லை. மென்பொருளை எழுதியவர்களின் கைப்பட்ட கட்டளைகளாகிய மூலநிரலை, எவரும் எடுத்து ஆளும்படி, க்னூ பொது உரிமத்தின் கீழ் உலகத்துக்கு வெளியிட்டார்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் வகுத்த இவ்வுரிமம், மென்பொருளை எக்காரியத்துக்கும் உபயோகிக்கவும், மூலநிரலைப் படித்துத் தன் தேவைக்கேற்பத் திருத்தவும், பிரதிகளைப் பிறருக்கு வழங்கவும், திருத்திய வடிவத்தைப் பரப்பவும் அனுமதி தருகிறது. அங்ஙனம் பரப்புகிறவர் தாம் பெற்ற அதே உரிமைகளைத் தம்மிடம் பெறுகிறவருக்கும் அளிக்கவேண்டும் என்பது ஒன்றே அதன் முக்கிய நிபந்தனை.

இந்த நிபந்தனையின் பலன் விரைவிலேயே தெரிந்தது. 2001-இல் பிரான்ஸ் தேசத்து நிரலர் பால் பூலேன் என்பவர், கோஹா பல மொழிகளிலும் பேசுவதற்கு வழிசெய்தார். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஏதென்ஸ் மாவட்டத்துப் பொது நூல்நிலையத்தார், மார்க் என்ற சர்வதேசப் பட்டியல் முறையை அது கையாளும் திறனை வளர்ப்பதற்குப் பொருளுதவி செய்தார்கள். இம்முறை 1960-களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியெட் ஆவ்ரம் அம்மையார் உருவாக்கியது. ஒரு நூலைப் பற்றிய ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் எண் உண்டு: 'பொன்னியின் செல்வ'னைப் பதிவு செய்வதானால், 100 என்ற எண்ணின் கீழ்க் கல்கியின் பெயரும், 245 என்ற எண்ணின் கீழ் நாவலின் தலைப்பும் இடம்பெறும். எண்கள் எங்கும் பொதுவாகையால், ஒரு நூல்நிலையம் சிரத்தையோடு எழுதிய குறிப்பை மற்றொன்று அப்படியே பெற்றுக்கொள்ள முடிகிறது. பின்னர்ப் பென்ஸில்வேனியாவின் கிராஃபர்ட் மாவட்டத்து நூல்நிலையக் கூட்டமைப்பின் உதவியால், பெரும் பட்டியல்களிலும் விரைந்து தேடும் ஸீப்ரா என்ற பொறி கோஹாவுடன் இணைந்தது. ஒவ்வொருவரும் தத்தம் அவசியத்துக்காகவே செலவிட்டார்கள். ஆயினும் ஒருவர் செலவிட்டுப் பெற்ற விருத்தி, முதன்முதலில் செலவிட்ட லெவின் உட்பட அனைவருக்கும் உரித்தாயிற்று.

இடையூறுகள் நேராமலும் இல்லை. நியூஸிலாந்தில் கோஹா என்னும் பெயரையே தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொள்ள ஓர் அமெரிக்க நிறுவனம் முற்பட, 2011-இல் பெரும் வழக்காடல் மூண்டது. 2014-இல் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அந்த நாட்களிலும் உலகெங்குமுள்ள நூல்நிலையங்களின் அன்றாடக் காரியம் நின்றுபோகவில்லை. பெயர் யாருக்கு என்பது தீராதிருந்தபோதும், மூலநிரல் அவரவர் கையில் இருந்தது.

இரவல் கணக்கு மட்டுமன்றி, நூல்நிலையத்தின் பிற காரியங்களுக்கும் இத்தகைய திறந்த மென்பொருள்கள் உண்டு. எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் ஹெச்.பி. நிறுவனமும் சேர்ந்து 2002-இல் வெளியிட்ட டிஸ்பேஸ், ஆய்வேடுகளை மின்வடிவில் காத்துவைப்பது. நம் தேசத்து முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் திரட்டி எவரும் படிக்கும்படி வைத்திருக்கும் சோத்கங்கா அதன்மீதே இயங்குகிறது. தமிழகப் பல்கலைக்கழகங்களில், பரீட்சை முடிந்தபின் ஒரு மூலையில் தூசி படிந்து கிடந்திருக்கக்கூடிய ஆய்வேடுகள், இன்று வெளியூர் மாணவன் ஒருவனுக்கு வீட்டிலிருந்தபடியே கிடைக்கின்றன.

இவற்றையெல்லாம் கேட்டு, கட்டணமில்லாத மென்பொருள் ஆகையால் செலவே இல்லை என்று ஒரு நிர்வாகி மகிழ்ந்துவிடுவாரானால், அவர் விரைவில் ஏமாற்றமடைவார். மென்பொருளை நிறுவுவதற்குக் கணிப்பொறி வேண்டும். லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை அறிந்த ஆள் வேண்டும். தினந்தோறும் பட்டியலுக்கு நகலெடுத்து வேறிடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். புதிய பதிப்புகள் வருந்தோறும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆர்வமுள்ள ஊழியர் ஒருவர் தனியாக நின்று எல்லாவற்றையும் அமைத்துவிட்டு, மற்றவர்க்குக் கற்பிக்காமலே வேறூருக்கு மாற்றலாகிப் போய்விட்டால், மூலநிரல் கையில் இருந்தும் பிரயோஜனமில்லை. எனவே உரிமக் கட்டணத்தில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியையேனும் ஊழியருக்குப் பயிற்சி அளிப்பதிலும், தேவையானால் ஊதியம் கொடுத்து வல்லுநர் உதவியைப் பெறுவதிலும் செலவிடுவதே விவேகம். அவ்வாறு வைத்துக்கொண்ட வல்லுநரின் வேலை திருப்தியளிக்காவிடில் வேறொருவரை நாடலாம். பட்டியலை ஒருவரிடமே அடகு வைத்துவிட்ட நூல்நிலையத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

ஆகவே, பள்ளிக்கூடத்துச் சிறிய நூல்நிலையமாயினும் பல்கலைக்கழகத்துப் பெரிய நூல்நிலையமாயினும், மென்பொருள் ஒன்றை ஏற்குமுன் நிர்வாகிகள் அதன் விலையை விசாரிப்பதற்கு முன்னதாகவே ஒன்றை விசாரித்தல் நலம்: நாளை இதை விட்டு விலக நேர்ந்தால், எங்கள் பட்டியல் முழுவதையும், பிறர் படிக்கக்கூடிய பொது வடிவத்தில், எவருடைய தயவுமின்றி நாங்கள் எடுத்துச் செல்ல முடியுமா? இதற்கு ஐயமற்ற விடை கிடைக்காத இடத்தில், இலவசமாகவே கொடுத்தாலும் கையொப்பமிடாதிருப்பது நல்லது.