வீட்டுக் கூரையில் சோலார்: கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் ஓடுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய தஞ்சைப் பகுதி நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "மாடியில் சோலார் பேனல் போட்டுவிட்டால், கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் ஓடும்தானே சார்?" ஓடும். ஆனால் எல்லா வகை சோலாரிலும் ஓடாது. பணம் கட்டும் முன் இந்த வேறுபாட்டைத் தெரிந்து கொள்ளுங்கள்.

மின்வாரிய லைனோடு இணைவதை ஆன்-கிரிட் என்கிறார்கள். இதில் பேட்டரி கிடையாது. பகலில் பேனல் தரும் மின்சாரம் வீட்டுக்குப் போக, மீதி லைனுக்குச் செல்லும். பில் நன்றாகவே குறையும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தின் மானியம் (1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000) லைனோடு இணைந்த அமைப்புக்கே கிடைக்கிறது.

ஆனால் லைனில் கரண்ட் போன உடனே இந்த இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். எங்கள் தெருவில் ஒருவர் வீட்டில் உச்சி வெயிலில் கரண்ட் போனது. கம்ப்யூட்டரும் அணைந்தது. பேனல் பழுது என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டார்! பழுது எதுவும் இல்லை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அப்படி ஒரு நேரத்தில் லைன்மேன் கம்பத்தில் ஏறிக் கம்பியைத் தொடும்போது, உங்கள் மாடியிலிருந்து அந்தக் கம்பிக்கு மின்சாரம் பாய்ந்தால் என்ன ஆகும்? அவர் உயிரைக் காக்கத்தான் அந்த இன்வெர்ட்டர் நிற்கிறது.

கம்ப்யூட்டர் அணையக் கூடாது என்றால் பேட்டரி வேண்டும். இதுதான் ஆஃப்-கிரிட். மேல்நாடுகளில் படுக்கை, சமையலறையோடு ஊர் சுற்றும் வேன்களின் கூரையில் பேனல் பதித்திருப்பார்கள். அது இந்த வகைதான். 2017 ஜூலையில் டெல்லியில் ஓடத் தொடங்கிய சோலார் டெமு ரயிலும் இப்படியே. பெட்டிகள் நம் சென்னை ஐ.சி.எஃப்.பில் தயாரானவை. ரயிலை இழுப்பது டீசல் இன்ஜின்; விளக்குக்கும் ஃபேனுக்கும் மட்டும் கூரை மேல் பேனல், பேட்டரி. இரண்டு வகையும் சேர்ந்த ஹைபிரிட் இன்வெர்ட்டரும் கிடைக்கிறது. விலை கூடுதல்.

எவ்வளவு வேண்டும்?

கடைக்காரர் சொல்லும் முன் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். வாட்டை மணியால் பெருக்கினால் வாட்-அவர். எல்.சி.டி. மானிட்டருடன் டெஸ்க்டாப் சுமார் 120 வாட், மோடம் 10 வாட் என்று வைத்துக் கொள்வோம். தினம் 4 மணி நேரம் என்றால் 520 வாட்-அவர். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 600. லேப்டாப்புக்கு (40 வாட்) மோடத்தோடு அதே 4 மணி நேரத்துக்கு 200தான். வீணாவதையும் சேர்த்து 235.

12 வோல்ட், 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரியில் 1800 வாட்-அவர் இருக்கும். பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும் என்பதால் 900 என்றே கொள்ளுங்கள். டெஸ்க்டாப் ஒன்றரை நாள் ஓடும். லேப்டாப் ஏறக்குறைய நான்கு நாள்! 100 வாட் பேனல் நல்ல வெயிலில் நாளொன்றுக்கு நிகரமாக 300 வாட்-அவர் தரும். டெஸ்க்டாப்புக்கு 200 வாட் பேனலாவது தேவை. சோலாரில் ஓட்டுவது என்று முடிவு செய்துவிட்டால் லேப்டாப் வாங்குவதே லாபம் என்பேன்.

லேசர் பிரிண்டரை மட்டும் இதில் மாட்டிவிடாதீர்கள். சூடாகும் சில நொடிகளில் ஆயிரம் வாட்டைத் தாண்டி இழுக்கும். சிறிய இன்வெர்ட்டர் தாங்காது. இன்வெர்ட்டர் 'ப்யூர் சைன் வேவ்' வகையாக இருக்கட்டும்.

நம் டெல்டாவில்

வேன் கூரையில் பேனலைப் படுக்கையாகவே ஒட்டுவார்கள். தஞ்சாவூர் பூமத்திய ரேகைக்கு 11 டிகிரிக்குள் இருப்பதால் இங்கே படுக்கையாக வைத்தாலும் பெரிய நஷ்டமில்லை. ஆனாலும் தெற்குப் பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்த்து வையுங்கள். மழையில் அழுக்கு தானாக வழிந்துவிடும். சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியில் நெல் தூசு பறந்து வந்து பனி ஈரத்தில் பேனலோடு ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை காலையில், கண்ணாடி சூடாகும் முன், துணியால் துடைத்துவிட வேண்டும்.

தென்னைதான் பெரிய தொல்லை. பேனலுக்குள் செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டவை. ஒரு மட்டையின் நிழல் இரண்டு செல்கள் மீது விழுந்தாலே அந்த வரிசை முழுவதும் படுத்துவிடும். காலை 9 முதல் மாலை 4 வரை நிழல் விழாத இடமாகப் பாருங்கள். தேங்காய் விழுகிற இடமாகவும் இருக்கக் கூடாது! ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் அதிகம் போகும், வெயிலும் இருக்காது. அதற்காகத்தான் பேட்டரியை இரண்டு நாளுக்குக் கணக்கிட்டு வாங்கச் சொல்கிறேன்.

ஸ்டாண்டின் கால்களைக் கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். செங்கல்லை அடுக்கி வைப்பது புயலுக்கு உதவாது. வயர் இணைக்கும்போது சார்ஜ் கன்ட்ரோலரில் முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குச் செல்லும் வயர் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும். பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைக்கச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியன் "தேவையில்லை சார்" என்றாலும் விடாதீர்கள்.