சேருமுன் கேளுங்கள்: இந்தச் சான்றிதழ் எந்தக் கதவைத் திறக்கும்?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்துவிட்டால் போதும், திருத்தங்கல் - சிவகாசி சாலையில் விளம்பரத் தட்டிகள் வரிசையாக முளைத்துவிடும். 'படிக்கும்போதே வேலை', 'முழு உதவித்தொகை', 'இன்றே சேருங்கள்' என்ற நோட்டீசுகள் காலனி வீடுகளின் திண்ணைக்கே வந்து சேரும்.

பட்டாசு ஆபீசில் வாரச் சம்பளம் வாங்கும் ஒரு தாயின் வீட்டை நினைத்துப் பாருங்கள். "சும்மா இருக்கிறதுக்கு என்கூட வேலைக்கு வரட்டும்" என்று ஒரு பேச்சு எழும். 18 வயது நிரம்பாதவர்களைப் பட்டாசு வேலையில் சேர்ப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபக்கம் இருக்கட்டும். பிள்ளைக்குப் படிக்க ஆசை. ஓராண்டுப் படிப்பு, குறைந்த கட்டணம், பக்கத்திலேயே கல்லூரி என்றால் மனம் சமுதாயக் கல்லூரியின் பக்கம் சாயும்.

சாய்வதில் தவறில்லை. ஆனால் அந்த ஓராண்டு என்பது அந்த வீட்டுக்கு 52 வாரச் சம்பளம். அதற்கு ஈடாகக் கையில் வரப்போவது ஒரு சான்றிதழ். அது எந்தக் கதவைத் திறக்கும் என்பதுதான் சேருமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

ஒரே பெயர், வேறு பாதை

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901-ல் தொடங்கிய கல்லூரிதான் இந்த வகைக்கு முன்னோடி. அங்கே இரண்டு ஆண்டு படித்தவர், உரிய பாடங்களை முடித்திருந்தால் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டுக்கே போகலாம். இந்தியாவில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995-ல் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. 1996-ல் சென்னையிலும் ஒன்று வந்தது. படிப்பை இடையில் விட்டவர்கள், ஏழைகள், பெண்கள் ஆகியோருக்கு வாழ்க்கைத் திறன், தொழில் திறன், நேரடிப் பயிற்சி கொடுத்து வேலைக்கு அனுப்புவது இங்கே நோக்கமாக இருந்தது. பட்டப்படிப்புக்கான பாலமாக எல்லா இடத்திலும் அது அமையவில்லை.

2013-ல் பல்கலைக்கழக மானியக் குழுவும் (யுஜிசி) கல்லூரிகளுக்குள் இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் விதிப்படி ஆறு மாதச் சான்றிதழுக்கு 30 கிரெடிட், ஓராண்டுப் பட்டயத்துக்கு 60, ஈராண்டு உயர் பட்டயத்துக்கு 120. பாடத்தில் 60 சதவீதம் தொழில் திறன் இருக்க வேண்டும். ஆகவே 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. சான்றிதழில் கையெழுத்திடப் போவது யார், அது எந்தப் பல்கலைக்கழகம், கிரெடிட் எத்தனை என்று கேளுங்கள்.

அடுத்த படி இருக்கிறதா?

அந்தப் படிப்பை முடித்தால் எந்தக் கல்லூரியில், எந்த ஆண்டில் சேரலாம் என்று கேளுங்கள். 'எங்கே வேண்டுமானாலும் சேரலாம்' என்பது பதில் ஆகாது. சொல்லும் கல்லூரிக்கே போய் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

பத்தாம் வகுப்போடு நின்றவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசை இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டம் தமிழக அரசு வேலைக்கு ஏற்கப்படுவதில்லை.

சேருமுன் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு சேரலாம்.

உதவித்தொகை யார் கணக்கில்?

பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பட்டியல் இன மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. கல்வி நிறுவனமும் படிப்பும் அங்கீகாரம் பெற்றிருந்தால்தான் அது கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடைக்காது. 'ஸ்காலர்ஷிப் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்ற வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். போன ஆண்டு அங்கே படித்த நம் பிள்ளைகளில் யாருக்கு வங்கிக் கணக்கில் பணம் ஏறியது என்று கேளுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் பட்டம், பட்டயம், ஐ.டி.ஐ. படிப்புகளுக்கானவை. குறுகிய காலச் சான்றிதழ் படிப்பில் சேர்ந்து அந்தத் தொகையை இழந்துவிடக் கூடாது.

அசல் சான்றிதழ்களை ஒப்படைத்துவிட்டு வராதீர்கள். சரிபார்த்த உடனே திருப்பித் தர வேண்டும் என்று யுஜிசி 2018-லேயே கல்லூரிகளுக்கு அறிவித்திருக்கிறது. படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளையின் மதிப்பெண் பட்டியல் கல்லூரி பீரோவில் மாட்டிக்கொண்டால், அடுத்த படிப்பும் போய்விடும்.

பட்டறையையும் பாருங்கள், பழக்கத்தையும் பாருங்கள்

சேர்க்கை அறையில் உட்கார்ந்தபடி முடிவெடுக்காதீர்கள். பட்டறைக்குள் போய், இயந்திரம் ஓடுகிறதா, தூசி படிந்து கிடக்கிறதா என்று பாருங்கள். அச்சுத் தொழில் படிப்பு என்றால் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்துக்குப் போய், 'இந்தச் சான்றிதழோடு வந்தால் வேலைக்கு எடுப்பீர்களா, என்ன சம்பளம்?' என்று கேட்டுவிடுங்கள். அந்தப் பதில்தான் உண்மையான மதிப்பெண்.

வகுப்பு நேரமும் முக்கியம். பம்பாயில் 1946-ல் சித்தார்த் கல்லூரியைத் தொடங்கிய அம்பேத்கர், வேலை பார்ப்பவர்களும் படிக்கட்டும் என்று காலை நேரத்தில் வகுப்பு நடத்த வைத்தார். நீங்கள் பார்க்கும் கல்லூரியின் நேரம், பகுதி நேர வேலைக்கும் கடைசி டவுன் பஸ்சுக்கும் ஒத்துவருகிறதா?

கடைசியாக ஒன்று. அங்கே படிக்கும் நம் பிள்ளைகளிடம் தனியாகப் பேசுங்கள். 'எந்தத் தெரு?' என்று கேட்டு ஆளை எடைபோடும் வழக்கம் இருக்கிறதா, கழிப்பறை பெருக்கும் வேலை யார் தலையில் விழுகிறது என்று கேளுங்கள். சாதிப் பாகுபாட்டைத் தடுக்க ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது 2012-ம் ஆண்டு யுஜிசி விதி. அவர் யார் என்று கேட்டால் ஒரு பெயர் வர வேண்டும்.

இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அம்மாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போங்கள். கட்டணத் தொகையையும் அங்கீகார விவரத்தையும் கல்லூரி லெட்டர்பேடில் எழுதிக் கேளுங்கள். நல்ல கல்லூரி தயங்காமல் எழுதித் தரும். தயங்கினால், பணத்தைக் கட்டாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.